இடியன் என்ற பெயர்

அப்பாவுக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம், ஒரு பக்கத்தில் வந்து என் குரல் நின்றுவிட்டது. அன்புவழிபுரத்து வீட்டின் முன்னறையில் அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கண்ணில் படலம் விழுந்தபின் அவருக்கு வாசித்துக்காட்டுவது என் வேலையாகிவிட்டது.

புத்தகம் இடியனைப் பற்றியது. எங்கள் கரையில் இடியனைத் தெரியாதவர்கள் இல்லை. சல்லியிலிருந்து குச்சவெளி வரை முதலாளிமாரின் தோணிகளை மறித்துக் கொள்ளையடித்து, அரிசி மூட்டைகளை ஏழைகளின் வாசலில் இறக்கிவிட்டுப் போனவன். வேட்டைக்குச் சுடும் நாட்டுத் துவக்கை நாங்கள் இடியன் என்றுதான் சொல்வோம். அதைத் தோளில் கொண்டு திரிந்ததால் வந்த பெயர் என்பார் அப்பா. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய காலம் முழுவதும் அவருக்கு இடியன்தான் தெய்வம். சிறுவயதில் நாங்கள் எதற்காவது பயந்தால், "இடியன் கதை கேட்டு வளந்த பிள்ளையள் பயப்பிடுறதோ?" என்று அதட்டுவார். பயம் என்பதே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி.

அந்த நாட்களில் எனக்கோ பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்பாவின் வயிற்றில் கட்டி. ஒப்பரேசனைத் தள்ளிப்போட ஏலாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அப்பாவோ சல்லி அம்மன் பொங்கல் முடியட்டும் என்றார், பிறகு மழை விடட்டும் என்றார். வெறும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். சண்டை பிடித்துக் களைத்துப்போய், அவர் மனத்தையாவது தேற்றலாம் என்று நூலகத்தில் தேடி எடுத்து வந்த புத்தகம் அது.

எழுதியவர், இடியனோடு திரிந்தவர்களின் பிள்ளைகளைத் தேடிப்போய்க் கேட்டிருந்தார். என் குரல் நின்ற அந்தப் பக்கத்தின்படி, இடியன் துவக்கே பிடித்தவனில்லையாம். வானம் இடித்தால் கவிழ்த்துவைத்த தோணிக்குள் புகுந்து காதைப் பொத்திக்கொள்வானாம். கூட்டாளிகள் கேலியாக வைத்த பெயர்தான் அது. அவன் பிடிபட்டதுகூட ஓர் இடிமழை நாளில்தான், தோணிக்குக் கீழே, அழுதபடி.

இதை எப்படி இந்த மனிதருக்கு வாசிப்பது? மிச்சமிருக்கிற கொஞ்சத் தைரியத்தையும் நானே பறித்துவிடுவேனோ? மெல்ல ஒற்றையைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"ஏன் பிள்ளை, பாதியில விட்டுட்டு ஒற்றையைப் பிரட்டுறாய்? எனக்குக் கண்தான் தெரியாது, காது கேக்கும். வாசி."

அவர் முகத்தைப் பார்க்காமல், எழுத்தையே பார்த்தபடி வாசித்தேன். முடித்ததும் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை.

"பிடிபடேக்க அவனோட ஆரும் நிண்டவையோ?" என்று கேட்டார்.

"இல்லையாம் அப்பா. எல்லாரும் ஓடிட்டினமாம்."

கொஞ்ச நேரம் கதிரைக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மயக்க ஊசி போட்டா எழும்பாமப் போயிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு, பிள்ளை," என்றார். என் வாழ்நாளில் தனக்குப் பயம் என்று அவர் சொல்லி முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். "என்னை உள்ளுக்குக் கொண்டுபோகேக்க நீ வாசல்வரைக்கும் வருவியோ?"

"ஓம் அப்பா. நீங்கள் வெளியில வருமட்டும் அங்கேயே நிப்பன்."

"அப்ப நாளைக்கே போவம்."