தலைமையுரை தின்னாத பாக்தாத்

மயிலாப்பூரில் ஒரு மாடி அரங்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அங்கே யாராவது எதைப் பற்றியாவது பேசுவார்கள். முடிந்ததும் காபி. காபிக்காகத்தான் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் அநியாயம். பேச்சில்லாத ஞாயிறுகளில் அந்தப் பக்கம் யாரும் தலைகாட்டுவதில்லை, அவ்வளவுதான்.

சென்ற வருடம் என் முறை வந்தது. பழங்கால, இடைக்கால அரபியர் வரலாறு என்ற தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சர்க்கரையோ சரித்திரமோ வந்தே தீரும். எனக்கு இரண்டும் வந்திருந்தன. மாத்திரைக்குக் கட்டுப்படுவது ஒன்றுதான்.

இந்த மகிழ்ச்சியை மறுநாள் காலை பூங்காவில் பாயிடம் சொன்னேன். தி. நகரில் சூட்கேஸ் கடை, அபிராமபுரத்தில் வீடு. பல வருடங்களாக என்னோடு நடக்கிறவர். நடக்கிறவர் என்பது மரியாதைக்கு. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நடக்கிற அழகைப் பற்றிப் பேசுவோம்.

“அரபு ஹிஸ்டரியா? இன்னா சாமி, சொல்லவே இல்ல! நான் வராம எப்படி? மாமாவையும் இட்டுகினு வரேன்” என்றார்.

மாமா என்பது அவர் மனைவியின் தகப்பனார். ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தாடி, தீர்ப்பு சொல்லப்போகிறவர் போன்ற முகம். அன்று பந்தியில் நான் சொன்ன ஜோக்குக்கு, அது முடிந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்.

அந்த நிமிடமே என் பேச்சை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். காலம் அப்படி. எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே, அரபியர் என்று தொடங்கி வேறு யாரையோ திட்டி முடியும் சரித்திரங்கள் தினமும் வந்து விழும். மேடையில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை கோணலாக விழுந்து, அதுவும் அந்த ரகம் என்று பாய்க்குத் தோன்றிவிட்டால்? சண்டை போட மாட்டார். ‘டாக்டர் சாயங்காலம்தான் நடக்கச் சொல்றாரு சாமி’ என்பார். அதோடு முடிந்தது. இந்த வயதில் புதிதாக ஒரு நண்பரைப் பிடிப்பதைவிட அரபு மொழியை இலக்கணத்தோடு கற்பது சுலபம்.

எனவே கத்திரியை எடுத்தேன். பாலைவனக் கவிஞர்கள் கள்ளையும் காதலியையும் பாடியது போயிற்று. ஒரு குலத்துக் கவி இன்னொரு குலத்தை வசைபாடி, அவர்கள் சந்தைப் பக்கமே வர முடியாமல் செய்தது போயிற்று. ஆட்சிக்காக நடந்த சண்டைகள் போயின. பாக்தாத் நகரத்துக் கருமிகளும், அழைக்காத விருந்துக்குப் போகிறவர்களும் போனார்கள். சாம்பிராணி ஏற்றிப்போன பாதை, பாலைவனத்து மாரிப் அணைக்கட்டு, பாறையைக் குடைந்து ஊர் கட்டியவர்கள், பாண்டிய நாட்டுக்குக் கப்பலில் வந்த குதிரைகள், காகிதம், எண்கள், நட்சத்திரங்கள் மிஞ்சின. யார் மனமும் புண்படாது. ஒட்டகத்தின் மனம்கூட.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

“என்ன, கேள்வித்தாள் எப்போ தருவீங்க? அந்த ஓசிச் சாப்பாட்டு ஆள் கதை நல்லா இருந்ததே, எங்கே?”

“எடுத்துட்டேன். பாய் வரார்.”

“வரட்டுமே. அவர் என்ன பாக்தாத்லேர்ந்தா வரார்? அபிராமபுரத்துலேர்ந்து வரார்.”

பட்டாணியில் பூச்சி இருக்கிறதா பார் என்றேன்.

ஞாயிறு வந்தது. முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே, பாயும் மாமாவும். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். பிறகு தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்.

எங்கள் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. பேச்சாளரின் குறிப்புகளைச் செயலாளர் முன்கூட்டியே வாங்கி, தலைமை வகிப்பவருக்கு அனுப்பிவிடுவார். அவர் அதைப் பார்த்துவிட்டு, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் நோக்கம். நடைமுறையில் அது கடையைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போவது மாதிரி.

“உங்களுக்கும் பேச்சாளருக்கும் இடையில் நான் நிற்க விரும்பவில்லை” என்று ஆரம்பித்தார். சாம்பிராணிப் பாதையில் ஏறினார். மாரிப் அணையைக் கட்டினார், உடைத்தார். குதிரைகளை என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி இலையில் உட்கார்ந்தவன் பாயச வாளியைப் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனதையும் சொன்னார். நான் யோசித்து யோசித்துச் செய்த ஒட்டக ஜோக்கையும் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

“மற்றதையெல்லாம் நமது பேச்சாளர் விரிவாக எடுத்துரைப்பார்” என்று அமர்ந்தார்.

எழுந்து நின்றேன். மற்றது என்று எதுவும் இல்லை. கையில் இருந்த தாள்கள் எல்லாம் அவர் பேசியவை. தலைக்குள் இருந்ததெல்லாம் நான் வெட்டியவை. மாமாவைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன்.

“அந்தக் கால பாக்தாதில், கூப்பிடாத விருந்துக்குப் போவதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள்.”

செருமல்கள் நின்றன. கூஃபா நகரத்தில் இந்தக் கலைக்கே குருவாக ஒருவர் இருந்ததாகச் சொல்லும் கதையைச் சொன்னேன். அவர் உபதேசம் இதுதான்: கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் திருதிருவென்று விழிக்காதே. நெஞ்சை நிமிர்த்திப் போ. பெண் வீட்டார் உன்னைப் பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்கள். பிள்ளை வீட்டார் உன்னைப் பெண் வீட்டார் என்று நினைப்பார்கள்.

“நம்ம சபாவுக்கே அப்படி ஒருத்தர் வந்துண்டிருக்காரே!” என்று நடுவிலிருந்து ஒரு குரல்.

“பேர் சொல்லாதேயும், காபி வரைக்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு குரல்.

அரங்கு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சிரிப்பு கேட்டது. பாய். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் பாதி வந்தது. அந்தத் தெம்பில் கருமிகளைக் கொண்டுவந்தேன், வசைக்கவிகளை மோதவிட்டேன். போன காதலியின் கூடாரம் இருந்த இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது என்று வழக்கம் வைத்திருந்த கவிஞர்களையும் அழைத்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

கேள்வி நேரம். மாமா எழுந்தார். பாதி வந்த உயிர் படிக்கட்டு வரை போய் நின்றது.

“தம்பி, நீங்க சொன்ன ஆளு அந்தக் காலத்துல மட்டும் இல்ல. எங்க பக்கமும் ஒருத்தரு இருந்தாரு. எங்க வீட்டு விசேஷத்துல பிரியாணி தேக்சாவைத் தொறந்தாப் போதும், முன்னாடி வந்து நிப்பாரு. யாருன்னு யாருக்கும் தெரியாது. கேக்கவும் கூச்சம். கடைசியில வேற வழி தெரியாம என் பொண்ணையே குடுத்துட்டேன்.”

உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“மாமா!” என்று பாய் அலறியது சிரிப்பு வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. பேராசிரியரே சிரித்தார். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

காபி வரிசையில் பாய் என் தோளில் கைபோட்டார்.

“இன்னா சாமி, ஒரு வாரமா மூஞ்சே சரியில்ல. பயந்துக்கினு இருந்தியா?”

“மேடை பயம்” என்றேன். முழுவதும் பொய் இல்லை.

“நீ வேற. நான்தான் பயந்து செத்தேன். இவரை ஞாயித்துக்கிழமை தூக்கத்துலேர்ந்து கெளப்பி இட்டாந்துட்டேன். அந்தத் தலைவரு பேசச் சொல்லோ சும்மா வாட்சையே பாத்துக்கினு இருக்காரு. சரி, வருசம் பூரா இதச் சொல்லிக் காமிப்பாருன்னு நெனச்சேன். நல்ல வேளை, நீ சோத்துப் பக்கம் வந்த.”

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். “சாம்பிராணியை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்” என்றார். அது என் பேச்சே இல்லை என்று விளக்கத் தோன்றியது. விட்டுவிட்டேன். அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு படியிறங்க, பாய் ஒரு கையால் அவரைத் தாங்கியபடி திரும்பிப் பார்த்தார்.

“காலைல பாப்போம் சாமி.”

“பாப்போம்” என்றேன். பிறகு இன்னொரு காபி கேட்கப் போனேன். தீர்ந்துவிட்டது என்றார்கள். பேராசிரியர் கையில் இரண்டாவது தம்ளர் இருந்தது. குடிக்கட்டும், பாவம், நிறையப் பேசியிருக்கிறார்.