“நல்லாய் இருக்கிறார்” என்று நான் சொன்னது

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். பிறகு இடியப்பம் அவிக்கும்போது ஞாபகம் வரும். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கதவு கத்தும். ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டில், ஒரு உயர்ந்த கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். கதவைத் திறந்தால் வீரிட்டுக் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியை மகள் வாசுகி பூட்டிவிட்டிருக்கிறாள். அவர் தனியே வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. ஆனால் அது கூடுதலாகக் கத்துவது என்னைப் பார்த்துத்தான். குப்பை போடப் போனாலும் கள்ளியைப் பிடித்ததுபோலக் கத்தும். எனக்குக் கூச்சமாக இருக்கும். முன்வீட்டுச் சீனத்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எங்களுக்கிடையில் உள்ள பாஷை அவ்வளவுதான்.

அவர் ஊரில் அரசாங்க பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். மறதி தொடங்கிய காலத்தில் அது எங்களுக்குப் பகிடியாகத்தான் இருந்தது. லிஃப்டில் ஏறினால் வாசலில் நின்றுகொண்டு, “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ! முன்னுக்கு இடம் கிடக்கு!” என்பார். காதில் பாட்டு மாட்டிய ஒரு கறுப்பினப் பெடியன் ஒருநாள் “யெஸ் சேர்” என்று சொல்லி மரியாதையாகத் தள்ளி நின்றான். பிறகு பகிடி நின்றது. போன மாரியில் குளியலறையில் விழுந்தார். என்னால் தூக்க முடியவில்லை. எனக்கும் வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது, முழங்கால் சொல் கேட்காது. வாசுகி பிக்கரிங்கில் இருந்து வந்து சேரும்வரை, ஈர நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, அரசாங்கத்திட்டை உதவிக்கு ஆள் கேப்பம். அவை தராட்டி அப்பாவை ஹோமிலதான் விடவேணும். உங்களையும் நான் இழக்க ஏலாது” என்றாள் வாசுகி.

ஹோம் என்றால் முதியோர் இல்லம். தமிழ் பேசுகிற ஆட்கள் உள்ள இடம் லேசில் கிடைக்காது. சோறும் கறியும் இல்லாத, ஒரு சொல்லும் விளங்காத இடத்தில் அவர் என்ன செய்வார்? அவரை என்னோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் தேவையில்லை.

இங்கே உதவி கேட்டால், முதலில் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வருகிற அன்றைக்கு நான் விடியவே எழும்பி வீட்டைக் கூட்டித் துடைத்தேன். அவருக்குச் சவரம் செய்து, கலியாண வீடுகளுக்குப் போடும் நீலச் சேர்ட்டைப் போட்டுவிட்டேன். பலகாரத்துக்குப் பட்டிஸ் பொரித்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் வேறு எப்படி இருப்பது? வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். என் மனம் குளிர்ந்துபோனது. வாசுகிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க, தொலைபேசியில் ஒரு பிள்ளை. தமிழ்நாட்டுப் பேச்சு.

“அம்மா, ஐயா தானாவே குளிச்சுக்கிறாங்களா?”

“ஓம் பிள்ளை, குளிப்பார்.”

“பாத்ரூம் போறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குங்களா?”

அவர் எனக்குப் பக்கத்தில், கையில் பட்டிஸோடு, நல்ல பிள்ளைபோல இருந்தார். முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, அவருடைய காதுபட, நான் எப்படிச் சொல்லுவேன்?

“இல்லைப் பிள்ளை. நல்லாய் இருக்கிறார்.”

அவரும் அன்றைக்கென்று பார்த்து, “பிளீஸ் சிற் டவுன், மேடம்” என்று இங்கிலீசில் உபசாரம் செய்தார். அந்தப் பெண் சிரித்து, பட்டிஸ் நல்ல ருசி என்று சொல்லிப் போனார். கிடைத்தது வாரத்தில் ஒரேயொரு மணித்தியால உதவி.

வாசுகிக்கு வந்த கோபம்! “அம்மா, அவ என்ன விருந்துக்கு வந்தவவே? மாப்பிளை பாக்க வந்தவைக்குக் காட்டுற மாதிரி அப்பாவை வெளிக்கிடுத்திக் காட்டியிருக்கிறியள்!”

என் மாமனாரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் இப்படித்தான் வந்தது. அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள், அதற்கு மேல் பெயர் இல்லை. ஊரில் முதுமை அழகாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் மாமி அவரைப் பின்னறையில் விட்டுக் கொண்டி போடுவார். உள்ளே அவர் கதவைத் தட்டுவார். அது கேட்காமல் இருக்க நாங்கள் உரத்துப் பேசுவோம். “அண்ணை எங்கை?” என்று வந்தவர் கேட்டால், “படுத்திருக்கிறார், நல்லாய் இருக்கிறார்” என்பார் மாமி. அந்தச் சொல்லை நான் அங்கேதான் படித்தேன். ஆனால் அதே மாமனார் படலை தாண்டித் தெருவில் நடந்தால், யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார். அவருக்கு என்னென்ன முடியாது என்று அந்த ஆள் எங்களைக் கேட்டதில்லை. இங்கே யாரும் கொண்டி போடுவதில்லை. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மனிதர் உடைந்துபோனதை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னால்தான் உதவிக்குக் கை நீளும். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரிலும் இப்போது கைபிடித்துக் கூட்டிவர ஆட்கள் குறைவாம்; பிள்ளைகள் எல்லாம் எங்களைப்போல வெளிநாட்டில். இங்கே பகலில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறிப் பாருங்கள். ஊன்றி நடக்கும் வண்டிலும் கையுமாக எல்லாம் கிழடுகள்தான். நாடு நாடாக வந்து சேர்ந்தவர்கள், ஆளுக்கொரு பாஷையில் பேசாமல் நிற்பார்கள்.

வாசுகி கெஞ்சிக் கேட்டு, விசாரிக்க வந்த அந்தப் பெண்ணை மறுபடி வரவைத்தாள். “இந்த முறை வீட்டைக் கூட்டாதேங்கோ. பட்டிஸும் வேண்டாம். நான் பக்கத்தில இருப்பன், ஆனால் நீங்கள்தான் வாய் திறந்து சொல்லவேணும்.”

சொன்னேன். குளிக்க வார்க்கும்போது எனக்குக் கை ஓங்குகிறதை, உடுப்போடு போய்விடுகிறதை, சில நாட்களில் என்னைத் தன் அக்கா என்று நினைத்து அழுகிறதை. நிலத்துக் காப்பெற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாசுகி இங்கிலீசில் சொல்லிக்கொண்டு வந்தாள். சவரம் செய்யாத முகத்தோடு அவர் கதிரையில் இருந்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். நான் முடித்ததும் மெதுவாக என் முழங்கையைத் தொட்டார்.

“இஞ்சாரும், ஆரைப் பற்றிச் சொல்லுறீர்?”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாவம் அந்த மனுசன்” என்றார். “அவரின்ர மனுசியும் பாவம்.”

அந்தப் பெண் வாசுகியைப் பார்த்து, “வட் டிட் ஹி சே?” என்று கேட்டார்.

“நத்திங்” என்றாள் வாசுகி. பிறகு குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இப்போது காலையில் தினமும் ஒரு பிலிப்பீன் தம்பி வந்து அவரைக் குளிப்பாட்டிவிடுகிறான். ஆனால் நான் சொன்ன உண்மை அத்தோடு நிற்கவில்லை. இவ்வளவு முற்றினவரை வீட்டில் கனகாலம் வைத்திருக்க ஏலாது என்று, ஹோமுக்கும் பெயர் பதிந்துவிட்டார்கள். இடம் வந்தால் கூப்பிடுவார்களாம். ஓம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லவேண்டுமாம். பொய் சொன்னபோது உதவி இல்லை, உண்மை சொன்னபோது அவரே இல்லாமல் போகப்போகிறார். தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன் அவரை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன்.

பின்னேரங்களில் அவர் ஜன்னலடியில் இருந்து, கீழே மார்க்கம் ரோட்டில் நின்று நின்று போகும் பஸ்களைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே தரிப்பிடங்களைக் கூப்பிடுவார்: “சாவகச்சேரி, சங்கத்தானை, மீசாலை, கொடிகாமம், மார்க்கம் ரோட், மிருசுவில், எழுதுமட்டுவாள்…” மார்க்கம் ரோட் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “எழும்பும், எங்கட இடம் வந்திட்டுது” என்பார். நானும் எழும்பி நிற்பேன்.

ஊரில் அந்த ரோட்டில் பஸ் ஏறித் திரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஊர்களின் ஒழுங்கு சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர் எதையாவது விட்டுவிடத் தொடங்கினால் எனக்குத் தெரியவேண்டும்; என் ஞாபகத்தை நம்ப முடியாது. பிழை இருந்தால் திருத்துங்கள். மார்க்கம் ரோட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நாங்கள் இறங்குவது அங்கேதான்.