வேலிக்குள் போகும் கிணறு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காலை வள்ளியூர் பேருந்தில் என் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாகப்பிரிவினையில் நல்ல வயல்களை எடுத்துக்கொண்டவர். அவற்றைச் சூரிய மின்சாரக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப்போகிறாராம்.

"வாழை வச்சு என்னலே கண்டோம்? ஒரு காத்துக்குச் சாஞ்சிருது. இது வெயில் அடிச்சாப் போதும், வருசா வருசம் குத்தகை வந்துரும்."

கணக்கு சரிதான். நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல் என்று வகுப்பில் பாடம் எடுப்பவனும் நான்தான்.

"அப்போ கிணறு என்னண்ணே ஆகும்?" என்றேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கிணறு. அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் என்று முறை வைத்து இறைக்கிறோம். ஆனால் அது இருப்பது அவர் நிலத்தில். என் பங்கைப் பெரியவர்கள் வாயால் சொன்னதோடு சரி, பத்திரத்தில் யாரும் எழுதவில்லை. அண்ணன்தானே என்று நானும் கேட்கவில்லை. இவ்வளவு படித்தும் அந்தப் புத்தி இல்லாமல் போனது.

"அதுவும் கம்பெனி வேலிக்குள்ளதான் வருது. சோலார் தகடு கழுவத் தண்ணி வேணும்லா. வாத்தியாரு நீ, நல்லாப் பேசுவியே, கம்பெனிக்காரன்ட்ட கேளு. தரத்தான செய்வான்."

சொல்லிவிட்டுப் பைய இறங்கிப் போனார். என் வாழை முழுவதும் குலை தள்ளி நிற்கிறது. வழக்குப் போட என் கையில் ஒரு தாள்கூட இல்லை.

இப்படிக் கிணற்றை வேலிக்குள் விட்டவர்கள் இந்த விவசாயிகள் குழுவில் இருந்தால், பிறகு தண்ணீர் கிடைத்ததா என்று சொல்லுங்கள்.

பெயர் போடாமல்தான் பதிவிடுகிறேன். நாளைக்கு என் முறை. மோட்டார் அறைச் சாவி அண்ணனிடம் இருக்கிறது.