ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவு

கண்டியில் நடந்த தேர்வுப் போட்டியில் கொழும்புப் பெண்ணை நான் இரண்டு தடவை தூக்கி எறிந்தேன். அவள் ஏற்கனவே மூன்று நாடுகளுக்குப் போய் ஜூடோ விளையாடி வந்தவள். நானோ ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நகரத்துப் புடவைக் கடைக்கு வேலைக்கு வருகிறவள். கடை விட்டதும் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஜூடோ பழகினேன். காத்மண்டுவில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டிக்கு ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவில் ஒருவருக்குத்தான் இடம். அது எனக்கு என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் இருந்தது.

தேர்வுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் காரணம் கேட்டேன்.

"உனக்கு வெளிநாட்டு அனுபவம் இல்லையே, தங்கச்சி," என்றார் சிங்களத்தில். "மூணு கிழமையில நாலு கிலோ குறைச்சிட்டு வா. நாப்பத்தெட்டு கிலோவுல ஆள் இல்ல. பார்க்கலாம்."

அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஜெயிச்சது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப நீ எதுக்கு மெலியணும்? போயி அந்தாளுகிட்ட கேளு. கேக்காம வந்தீன்னா சோறு கெடையாது."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஜூடோ உடுப்பைப் போட்டுக்கொண்டே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரிடம் சொன்னேன்: "திரும்பப் போட்டி வைங்க, சேர். தோத்தா பேசாமப் போயிர்றேன். உடம்பை மட்டும் குறைக்க மாட்டேன்."

வெளியே போகச் சொன்னார். கதவுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். பியூன் பார்த்துச் சிரித்தான். அதிகாரி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையில் இருந்த பைலையே பார்த்தார்.

மூன்றாம் நாள், பயணத்துக்கான படிவம் நிரப்ப அந்தக் கொழும்புப் பெண் வந்தாள். என்னைக் கண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துபோய் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

"நான் இவகிட்ட தோத்ததை எல்லாரும் பார்த்தாங்க, சேர். இப்படிப் போறது எனக்கு வெட்கம். திரும்பப் போட்டி வைங்க."

சனிக்கிழமை மீண்டும் மோதினோம். இந்த முறை அவள் தயாராக வந்திருந்தாள். முதல் நிமிடத்திலேயே என்னைப் பக்கவாட்டில் வீழ்த்திப் புள்ளி எடுத்தாள். இடது தோள் மெத்தையில் மோதிக் கண் இருண்டது. எழுந்தேன். அவள் மறுபடி வீச வந்தபோது காலை வாரி, அவளோடு சேர்ந்தே நானும் விழுந்து, மேலே கிடந்து கழுத்தையும் கையையும் சேர்த்து அமுக்கினேன். துள்ளினாள், முறுக்கினாள். தோள் கழன்றாலும் பரவாயில்லை என்று விடாமல் பிடித்திருந்தேன். பிடித்திருக்க வேண்டிய நேரம் முடிந்ததும், நான் வென்றதாக நடுவர் கையை உயர்த்தினார்.

எழுந்ததும் அவிழ்ந்திருந்த என் இடுப்புப் பட்டியை அவளே இறுக்கிக் கட்டிவிட்டாள். "போய் நல்லா விளையாடு," என்றாள்.

காத்மண்டுவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் அந்த அதிகாரி, "அனுபவம் இல்லைன்னு சொன்னேனே," என்றார்.

"இப்ப இருக்கு, சேர்," என்றேன்.

அதன் பிறகு ஆறு வருடம் விளையாடினேன். அவளும் நானும் இன்னும் ஐந்து முறை மோதினோம்; மூன்றில் அவள் வென்றாள். வெளிநாட்டில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம். இவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவுதான். நான் தோற்றதெல்லாம் மெத்தையின் மேல், என்னைவிட நன்றாக விளையாடியவர்களிடம்.