ஆறு ஓட்டில் தோற்ற தம்பியைப் பார்க்கப் போன பயணம்

2011 அக்டோபர், உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு எண்ணும் நாள். காலை 6.40க்கு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டி ஏறினேன். கூட வந்தவர் குவேசி. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாட்டுக்காரர். விவசாய ஆராய்ச்சிக்காகச் சிதம்பரம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கீழவீதிப் பக்கம் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஆய்வேட்டை பைண்டிங் செய்ய வந்து பழக்கமானவர். என்னை அக்கா என்பார். கொஞ்சம் தமிழ், நிறைய ஆங்கிலம். ஆங்கிலத்தில் அவர் சொன்னதையும் இங்கே நம் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் வந்ததற்குக் காரணம் என் வாய்தான். "என் தம்பி ஊராட்சித் தலைவர். மறுபடியும் அவன்தான் ஜெயிக்கப் போறான், வந்து பாருங்க" என்று ஒரு மாதமாகக் கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன். மனிதர் நிஜமாகவே கிளம்பிவிட்டார்.

கடலூருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒரு டிக்கெட் பதினாறு ரூபாய். கண்டக்டர் குவேசியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவுரு எங்க எறங்கணும்மா?"

"கடலூர்தாங்க. ஓட்டு எண்றத பாக்க வராரு."

"ஏன், அவுங்க ஊர்ல ஓட்டெல்லாம் கெடையாதா?"

"இருக்குங்க. நான் தோத்துருக்கேன்" என்றார் குவேசி, தமிழிலேயே. கண்டக்டர் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வண்டி சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே ஓடியது. தோற்ற கதையைச் சொல்லச் சொன்னேன். 2008 டிசம்பரில் அவர்கள் நாட்டில் அதிபர் தேர்தல். யாருக்கும் பாதி ஓட்டு வராததால் இரண்டாம் சுற்று நடந்தது. குவேசி ஆளுங்கட்சிக்கு பூத் ஏஜெண்ட். அரை சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் ஆளுங்கட்சி தோற்றது.

"அப்பறம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தோத்தவரே ஜெயிச்சவருக்கு வாழ்த்து சொல்லிட்டாரு. ஆட்சி கை மாறிடுச்சு. எனக்குத்தான் ஆறல. பக்கத்து வீட்டுக்காரன் ஜெயிச்ச கட்சி. மூணு நாள் அவன் மூஞ்சியப் பாக்கல. நாலாம் நாள் தண்ணி பிடிக்க ரெண்டு பேரும் ஒரே வரிசைல நின்னோம். அவ்ளோதான்."

என்ன சப்பென்று முடித்துவிட்டாரே என்றிருந்தது எனக்கு. எங்கள் வீட்டுக் கதை அப்படி முடியவில்லை. 2006இல் என் தம்பி குமரேசனை எதிர்த்து நின்றவர் எங்கள் தாய்மாமாவின் மகன் தனசேகர். எனக்கு அவரும் மாமா முறைதான். தம்பி ஜெயித்தான். எங்கள் பக்கத்தில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஜெயித்தவரின் ஊர்வலம் தோற்றவர் வீட்டு வாசலில் நின்று, அங்கேதான் சரவெடியைக் கொளுத்தும். தம்பியின் ஆட்களும் மாமா வீட்டு வாசலில் கால் மணி நேரம் வெடித்தார்கள். தாய்மாமா கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து ஐந்து வருஷம், இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதையே அம்மா மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சொந்த அண்ணனுக்கு ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க முடியவில்லையே என்று அவள் அழுததைப் பார்த்தவள் நான். ஆனாலும் தம்பிதான் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தேன். ரத்தம் அப்படி.

காலை 8.10. முதுநகரில் மீன் கூடைக்காரர்கள் இறங்கிப் போக, வண்டி கடலூர் பேருந்து நிலையம் வந்து சேர்ந்தது. நாலு இட்லி, ஒரு வடை, காபி சாப்பிட்டோம். ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். தீபாவளிக்கு ஐந்தே நாள் இருந்ததால் தெருவெங்கும் பட்டாசுக் கடை. ஓட்டு எண்ணும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலையை ஏற்றியிருந்தார்கள்.

9.00 மணி. எண்ணும் இடம் ஒரு பள்ளிக்கூடம். வேட்பாளருக்கும் ஏஜெண்டுக்கும் மட்டும்தான் உள்ளே அனுமதி. நாங்கள் மூங்கில் தடுப்புக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். அங்கே நின்ற போலீஸ்காரர் ஒருவர் குவேசியிடம் வந்து, "சார் எந்த வார்டு?" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார். சுற்றி நின்ற கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்கப்புறம் குவேசிக்கு உட்கார நாற்காலி வந்தது, எனக்கு வரவில்லை.

எங்கள் ஊராட்சி மேஜைக்கு வரும்போது மணி 12.30. தம்பிக்குப் பூட்டு சாவி சின்னம், தனசேகர் மாமாவுக்கு ஆட்டோ. ஒன்றே காலுக்குத் தம்பி கேட் பக்கம் வந்தான்.

"ஆறே ஓட்டு அக்கா."

"ஆறு ஓட்டுல ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"எப்புட்றா?"

"செல்லாத ஓட்டு மட்டும் முப்பத்தொண்ணு. அதுல இருபத்தாறு ரெண்டு சின்னத்துலயும் குத்திக் கெடக்கு. பூட்டு சாவி மேல ஒண்ணு, ஆட்டோ மேல ஒண்ணு. எல்லாத்தையும் என் கண்ணு முன்னாடி காட்டுனாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்தாறில் ஏழு நமக்கு வந்திருந்தால் போதுமே. "விடாத. மறுபடி எண்ணச் சொல்லு. இல்லன்னா கேஸ் போடு. எவனோ உள்ள கோல்மால் பண்ணியிருக்கான்" என்று கத்தினேன். பின்னால் நின்ற தம்பியின் ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது. தடுப்பைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் தனசேகர் மாமாவின் ஆட்களும் எழுந்து நின்றார்கள். போலீஸ்காரர் வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டுத் தடியை எடுத்தார்.

குவேசி நாற்காலியை விட்டு எழுந்து தம்பியிடம் வந்தார். "மறுபடி எண்ணச் சொல்லுங்க. அது உங்க உரிமை. நானும் எங்க ஊர்ல கேட்டிருக்கேன். ஒரு சீட்டையும் விடாம பாருங்க."

தம்பி உள்ளே போனான். முக்கால் மணி நேரம் மறுபடி எண்ணினார்கள். அந்த முக்கால் மணியும் நான் சாமி பேரை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அதே ஆறு.

"இப்ப என்ன செய்யறது?" என்று வந்து கேட்டான். என்னைக் கேட்கவில்லை, குவேசியைக் கேட்டான். எனக்கு அதுவும் எரிச்சல்.

"எண்ணுனதுல சந்தேகம் இருக்கா?"

"இல்ல. எல்லாம் நேராத்தான் இருந்துது."

"அப்ப மிச்சம் இருக்கறது கோவம்தான். எங்க நாட்டுல ரிசல்ட் எழுதற தாளும் உங்க தலைவர் ஓட்டுச்சீட்டு மாதிரி ரோஸ் கலர். அதுல கையெழுத்துப் போடச் சொன்னப்ப எனக்கும் கை ஓடல. ஆனா நேரா எண்ணுன தாளுக்குக் கையெழுத்துப் போடாம விட்டா, நாளைக்கு நான் ஜெயிக்கறப்ப எவன் போடுவான்?"

தம்பி தன் ஆட்களிடம் தடுப்பை விடச் சொன்னான். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டான். 2.40க்கு ஒலிபெருக்கியில் தனசேகர் மாமாவின் பெயரைச் சொன்னார்கள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

3.30 மணி. திருவந்திபுரம் வரை ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து கெடிலம் ஆற்றை ஒட்டி நாலு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். தம்பி பைக்கில் முன்னால் போய்விட்டான். நாங்கள் வீட்டை அடைந்தபோது அவன் நடுக்கூடத்தில் நின்று, தன் ஆட்கள் வாங்கி அடுக்கியிருந்த ஐயாயிரம் வாலா சரவெடி இரண்டு பெட்டியையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஊர்வலம் இன்னும் முக்கு திரும்பல. அம்மா, கெளம்பு. அக்கா, நீயும் வா."

"எங்கடா?"

"மாமா ஊட்டுக்கு."

கைகலப்பு செய்யப் போகிறான் என்றே நினைத்தேன். அம்மா உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

மாமா வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு மகனுக்காகக் காத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குள் ஊர்வலமும் வந்துவிட்டது. மாலையோடு தனசேகர் மாமா முன்னால் வந்தார். தம்பியின் கையில் சரவெடியைப் பார்த்ததும் அவருடைய ஆட்கள் பத்துப் பேர் பாய்ந்து வந்தார்கள்.

தம்பி யாரையும் பார்க்கவில்லை. அவர்கள் நெருங்குவதற்குள் குனிந்து சரத்தைத் தெருவின் நீளத்துக்கு உருட்டிவிட்டான். தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தான்.

ஐயாயிரமும் வெடித்து முடியும் வரைக்கும் யார் பேசினாலும் கேட்டிருக்காது. புகை விலகியதும் தம்பி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து தனசேகர் மாமாவின் தோளில் போட்டான்.

"போன தடவ என் ஆளுங்க இங்க வெடிச்சது உங்கள அழ வெக்க, மச்சான். இது அதுக்கில்ல. ஜெயிச்சவன் ஊட்டு வாசல்ல வெடிச்சாத்தான் வெடி."

தனசேகர் மாமா துண்டைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வா மச்சான்" என்றார்.

"வரேன். ஆனா ஒண்ணு. தண்ணி ரெண்டு நாள் வரலன்னா மூணாம் நாள் உங்க ஆபீஸ்ல நிப்பேன். கிராம சபைல மொத கேள்வி என்னுதாத்தான் இருக்கும். அஞ்சு வருஷமும் கேப்பேன்."

"கேளுடா. நீ கேக்கலன்னா வேற எவன் கேப்பான்?"

கூட்டத்தில் யாரோ கை தட்ட, தெருவே தட்டியது. மத்தியானம் தடுப்பை ஆட்டியவனும் தடுப்புக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றவனும் இரண்டாவது பெட்டியைச் சேர்ந்து பிரித்தார்கள். நாங்கள் தோற்ற வீடு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அப்படி ஒரு நிமிர்வு எனக்கு 2006இல் ஜெயித்தபோதுகூட வந்ததில்லை. குவேசி என் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே தாய்மாமா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். அம்மா அவர் கால்மாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். காபி வந்தது. பேச்சு மெல்லச் செல்லாத ஓட்டுகளுக்குப் போயிற்று. "எந்தக் கூறுகெட்டது ரெண்டுலயும் குத்துச்சோ" என்று நான் ஆரம்பித்தேன்.

"நான்தான்" என்றாள் அம்மா. "ஒருத்தன் என் வயித்துல பொறந்தவன். ஒருத்தன் என் அண்ணன் புள்ள. எவனத் தோக்கச் சொல்லுவேன்? ரெண்டு பேருக்கும் குத்திட்டு வந்துட்டேன்."

வாசலில் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்த எங்கள் சித்தி, "நானும்தான்" என்றாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். என் தம்பிதான் முதலில் சிரித்தான்.

"இவுங்க எல்லாம் செரியாத்தான் குத்தியிருக்காங்க மச்சான். ஒருத்தன ஆளச் சொல்லி, ஒருத்தன கேள்வி கேக்கச் சொல்லி."

குவேசிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். தன் நாட்டில் இருநூறுக்கு மேற்பட்ட தொகுதியிலும் இப்படி ஒரு செல்லாத ஓட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றார்.

மாலை 5.50க்குத் திருவந்திபுரம் வந்து, கடலூர் போய், சிதம்பரம் வண்டி பிடித்தோம். அதே பதினாறு ரூபாய். மாமா வீட்டைவிட்டு நானும் குவேசியும் மட்டும்தான் கிளம்பியிருந்தோம். தம்பி வீட்டில் அம்மாவைக் கொண்டுபோய் விடட்டுமா என்று நான் கேட்டதற்கு, "நீ போ. எங்க அண்ணனுக்கு நான் கஞ்சி வெக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.