மூக்குவாருக்கு அடியில் இரண்டு விரல்

ஞானதாஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. போட்டோவில் இருந்தது அவர்தான். இருந்தும் அவருடைய எண்ணுக்கே கூப்பிட்டேன். "குரூப்புல வாறத நம்பப்பிடாது பிள்ளே, ஆளக் கூப்பிட்டுக் கேளு" என்று சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கியவரே அவர்தானே. அவர் மனைவி போனை எடுத்தார். காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் வாங்கி வந்தவர், வீட்டிலும் ஒருதரம் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படியே சரிந்துவிட்டார். கடைசி நிமிஷத்திலும் எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

புதுக்கடைப் பக்கம் அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தே வாங்குவார். போதகர் பிரசங்கத்தில் வசனத்தின் எண்ணைச் சொன்னால், அது சரியா என்று பைபிளைப் புரட்டுவார். ஓமனில் ஒரு பெரிய குதிரை லாயத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் திற்பரப்புக்குப் போகும் வழியில், ஒரு பகுதி ரப்பர் மரங்களை வெட்டிய எங்கள் நிலத்தில், ஒரு குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது வந்து சேர்ந்தார்.

குதிரையின் பெயர் லில்லி. கோயம்புத்தூரில் மூடப்போன ஒரு சவாரிப் பள்ளியிலிருந்து வாங்கினேன். அவளை டிரஸ்ஸாஜ் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. ஓட்டமோ தாண்டலோ இல்லாத போட்டி அது. சவாரி செய்பவர் என்ன சைகை தந்தார் என்று பார்க்கிறவருக்குத் தெரியாதபடி குதிரை நடக்க வேண்டும், வளைய வேண்டும், நிற்க வேண்டும். அதற்கு முதலில் வேண்டியது நல்ல கடிவாளம்.

நான் ஏற்கெனவே போனில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். நெற்றிப்பட்டையில் வரிசையாகக் கல் பதித்தது. அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தக் கல்லு ஆருக்கு? குதிரைக்கா, உனக்கா?"

அதோடு அது போயிற்று. அடுத்தது, மூக்கைச் சுற்றி வரும் வாரில் இரட்டை வளையம் வைத்தது. லேசாக இழுத்தாலே இரண்டு மடங்கு இறுகும். விற்பவர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. குதிரைக்கு வலித்தால் வாயைத் திறக்கும், திறந்தால் போட்டியில் மதிப்பெண் போகும், அதனால் திறக்க முடியாமல் கட்டிவிடுகிறார்கள், இது கள்ளத்தனம் என்றார். லில்லியின் வாயோரத்திலிருந்து காதுக்குப் பின்னால் சுற்றி மறு வாயோரம்வரை ஒரு கயிறு பிடித்து அளந்தார். கடைக்காரர் சொன்ன அளவு அவளுடைய சின்னத் தலைக்குப் பெரிது. கடைசியில் சாதாரண மூக்குவாரும், காதுக்குப் பின்னால் அழுத்தாதபடி அகலமாக வெட்டிய தலைவாரும், வாய்க்குள் போகிற, நடுவில் மடங்கும் ஒற்றை இரும்பும் உள்ள எளிய கடிவாளம் வாங்கினோம். மூக்குவாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஆனி மழை வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. அதன்பிறகு லில்லி தலையை உதறத் தொடங்கினாள். கடிவாளத்தோடு நான் பக்கத்தில் போனாலே பின்வாங்குவாள். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிற ஒருவர் அவளை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். ஓணம் முடியும்வரை பார்ப்போம், சரிவராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். செண்டை மேளத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே அவள் நிற்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் மூக்குவாரில் கொக்கி மாட்டும் துளைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாக்பீஸ் கோடு கண்டேன். அண்ணன் போட்டது. அவர் இல்லாத நேரத்தில் நான் இறுக்குகிறேனா என்று வேவு பார்த்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே வாரம், புதுக்கடை முக்கில் அவர் அந்தச் சாரட்டு வண்டிக்காரரோடு நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஓகோ, லில்லியை விலைபேசுகிறாரா, கதை அப்படிப் போகிறதா என்று நானும் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. குதிரையின் முதுகு மேலாக ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

ஒருநாள் சாக்பீஸ் கோடு அசையாமல் அப்படியே இருக்க, லில்லி மட்டும் உதறினாள். அண்ணன் கடிவாளத்தைக் கழற்றி, மீனை மோப்பம் பிடிப்பதுபோல் பிடித்தார்.

"இது ராத்திரி எங்க கெடக்கு?"

என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். மழைக்குத் தோலில் பூஞ்சை பிடிக்கிறதே என்று, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் ராத்திரிதோறும் தொங்கவிட்டு விடியுமுன் எடுத்து மாட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் மழைக்காலத்துப் புளியும் பள்ளிக்கூட ஷூவும் காய்வது அங்கேதான். அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. புகைநாற்றத்தோடு விறைத்துப்போன வாரை முகத்தில் கட்டினால் எந்தக் குதிரை நிற்கும்? அதே அளவில் புதிதாக ஒன்று வரவழைத்தோம். அதை வீட்டுக்குள், காற்றாடிக்கு அடியில் மாட்டி வைத்தேன். லில்லி தலையைத் தாழ்த்தி இரும்பைத் தானாகவே வாங்கிக்கொண்டாள். அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளும் சாக்பீஸ் கோடு இருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அந்தச் சாரட்டு வண்டிக்காரர் என்னிடம் வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்க குதிர இப்பமும் கடிக்குமா?" என்று கேட்டார். லில்லி யாரையும் கடித்ததில்லை என்றேன்.

"ஒருத்தனுக்க ரெண்டு விரலு போச்சுன்னு அண்ணன் புதுக்கடை முக்குல வச்சிச் சொன்னாரே. அதான் நான் பொறவு கேக்கல்ல."

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கம்போல் வாய் திறந்துகொள்ளாமலிருக்க, தாடையிலிருந்து உச்சிவரை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவருக்கு வாயை மூடிக் கட்டுவதே பிடிக்காது. என் கை தானாகப் போயிற்று. துணிக்கு அடியில் ஒரு விரல்கூட நுழையவில்லை. உச்சியில் முடிச்சைத் தளர்த்தினேன். அவர் மைத்துனர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

இப்போது இரண்டு விரல் நுழைந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு விரல் இடம்தான்.