கூரையில் பதினொரு காலணா

மட்டைத் தாளில் நானே கோடு கிழித்துச் செய்த அட்டவணை அது. மேலே கல்கத்தா, பம்பாய், லாகூர் என்று மூன்று பெயர்கள். இடப்பக்கம் வருடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வட்டமாக ஒரு குழி வெட்டி, அதற்குரிய ஓட்டைக் காலணாவைப் பதித்துக்கொண்டே வந்தேன். எல்லா வருடமும் எல்லா ஊரிலும் அடிக்கவில்லை என்பதால் சில கட்டங்களை முதலிலேயே குறுக்குக் கோடு போட்டு மூடிவிட்டேன். மற்றவை ஒவ்வொன்றாக நிறைந்தன. இரண்டு வருடம் தேடியும் ஒரே ஒரு குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. 1944, லாகூர்.

ஓட்டைக் காலணா என்பது இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்களில் புழங்கிய செம்புக் காசு; அதில் ஒரு பைசா என்றுதான் எழுதியிருக்கும், அன்றைக்கு அது கால் அணா. ஒரு பக்கம் கிரீடம், எழுத்து, வருடம். மறுபக்கம் வெறும் பூவளையம். நடுவில் ஒரு துளை. போர்க்காலத்தில் செம்பை மிச்சம்பிடிக்கத் துளை போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று தெரிய வேண்டுமானால் வருடத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். கடுகைவிடச் சிறிய புள்ளி இருந்தால் பம்பாய். ஆங்கில எல் எழுத்து இருந்தால் லாகூர். ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா.

இந்தப் பைத்தியம் இலங்கையின் மாத்தளை டவுனில், பழைய பித்தளை வாங்கும் ஒரு கடையில் பிடித்தது. குத்துவிளக்குகளுக்கு நடுவே கம்பியில் கோத்துத் தொங்கிய காசுகளைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் புள்ளி இருந்தது, பக்கத்துக் காசில் இல்லை. கம்பியோடு மொத்தத்தையும் கழற்றித் தரச் சொன்னேன்.

"தங்கச்சி, இத வாங்கி என்ன செய்யப் போற?" என்றார் கடைக்கார நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்.

"சேக்கப் போறேன் நானா. வருஷவாரியா, ஊர்வாரியா."

"எல்லாம் ஒரே காசுதானே?"

"இல்ல நானா. இதுல புள்ளி இருக்கு, இதுல இல்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "முப்பது வருஷமா இந்தக் கடையில ஈக்கிறன். ஒரு புள்ளியும் எனக்குக் காட்டல்ல. நீ வந்த ஒடனே காட்டுது" என்றார்.

நான் டவுனில் உள்ள ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ரத்தோட்டை பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போவேன். வீடு, ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் ஏறும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தது நான் ஒருத்திதான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா இலக்கங்களை மட்டும் வாசிப்பார். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். எனக்கு அதில் வெட்கம் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை அட்டவணையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காசை விரலால் தடவினார்.

"இது எங்க கெடச்சிச்சு?"

"கடையில வாங்குனேன்ப்பா. கொஞ்சம் போன்ல பழகுனவங்ககிட்ட மாத்திக்கிட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"தலைக்கு மேல பதினொன்னு இருக்கு. இவ டவுனுக்குப் போயி வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் அப்பா.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பெருங்காற்று எங்கள் கூரைத் தகரங்களைக் கிளப்பிவிட்டதாம். அப்பாதான் ஏறித் திரும்பப் பொருத்தியிருக்கிறார். தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டுகளுக்கு ரப்பர் வாசர் போதவில்லை. அவருடைய குடும்பத்துப் பெரியவர்கள் இந்தியாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஓட்டைக் காசுக் கோவை ஒன்று பெட்டியில் கிடந்தது. போல்ட் அந்தத் துளைக்குள் அளவெடுத்த மாதிரி நுழைந்தது. ரப்பர் வெயிலில் பொடியாகிவிடும், செம்பு பொடியாகாது என்று பதினொரு காசையும் வாசராகப் போட்டு முறுக்கிவிட்டார். அந்த யோசனையில் அவருக்கு இன்றுவரை பெருமை.

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். பதினொரு காசு. அதில் ஒன்று லாகூராக இருக்கக் கூடாதா?

"மழை மாசம் வரப்போகுது. கூரையில கைய வச்சீன்னா நான் பொல்லாதவளாயிருவேன்" என்றார் அம்மா.

"பாக்க மட்டும்மா."

"யுனிவர்சிட்டிக்கும் இப்படித்தான், பாத்துட்டு வாறேன்னு போன."

மறுநாள் காலை ஏணியைச் சாத்தினேன். அம்மா அடியில் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் காம்பரா அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, டீச்சர கூரையில ஏத்திட்டீங்க? ஸ்கூல்ல எடம் இல்லியா?"

"வாரத்துல அஞ்சு நாளு புள்ளைங்களுக்குப் பாடம். சனிக்கெழம தகரத்துக்கு" என்றார் அம்மா.

மேலே போய்ப் பார்த்ததும் என் முகம் விழுந்தது. பதினொன்றும் இருந்தன. பதினொன்றும் பூவளையம் மேலாக இருந்தன. கிரீடம், எழுத்து, வருடம் எல்லாம் தகரத்தோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தன. கழற்றாமல் ஒன்றையும் வாசிக்க முடியாது.

"எல்லாத்தையும் ஏன்ப்பா கவுத்து வச்சீங்க?" என்று கீழே கேட்டேன்.

"கூரையில ஏறுறவன் மிதிப்பான்ல? எழுத்த மிதிக்கலாமா?" என்றார் அப்பா, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அவருக்கு அந்த ஆங்கில எழுத்து ஒன்றுமே வாசிக்கத் தெரியாது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எனக்குச் சொல்லித் தந்தவர்களும் இவர்கள்தான். தகரத்தின் மேல் தவழ்ந்தபடி ஒவ்வொரு காசாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

நாலாவது காசில் நின்றேன். அதைச் சுற்றித் தகரம் செம்பழுப்பாக அரித்துப்போயிருந்தது. மேலே அப்பா வருடா வருடம் அப்பிய தார். ஐந்தாவது காசைச் சுற்றியும் அப்படியே. ஆறாவதும். திரும்பிப் பார்த்தால் முதல் மூன்றும். ஆனால் ரப்பர் வாசர் போட்ட போல்ட்டுகள் சில இருந்தன அல்லவா, அங்கே ரப்பர் வெடித்திருந்தாலும் தகரம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

ஏணியில் இரண்டிரண்டு படியாக இறங்கி உள்ளே ஓடினேன். அம்மா மழைக்கு வைக்கும் பாத்திரங்கள் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கும். கட்டில் காலடியில் நீலப் பேசின், அடுப்புக்குப் பக்கத்தில் அலுமினியச் சட்டி, அலுமாரிக்கு முன்னால் பெயின்ட் வாளி. உள்ளே எட்டு, இஸ்தோப்பில் மூன்று. ஒரு கொப்பித் தாளில் கூரையை வரைந்து காசுகளைக் குறித்தேன். அதன்மேல் பாத்திரங்களைக் குறித்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

போன வாரம்தான் பதினோராம் வகுப்புக்கு இதைப் படிப்பித்திருந்தேன். தகரத்தின் மேல் பூசியிருப்பது நாகம், அதாவது துத்தநாகம். நாகமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நனைந்தால், கரைந்துபோவது நாகம். நாகம் போனால் அடியில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய விடயம், எங்கள் கட்டிலுக்கு நேர்மேலே இத்தனை வருடமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று இந்த வீட்டில் எல்லோரும் நம்பியது எதுவோ, அதுதான் வீட்டை ஒழுக வைத்தது. போதாததற்கு எனக்கு அந்தக் காசுகள் வேண்டும். காசுக்காகக் கதை கட்டுகிறேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. திரும்பவும் மேலே ஏறி, ரப்பர் போட்ட இடங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தாளைக் காட்டி விளக்கினேன். அப்பா முடிவுவரை கேட்டார்.

"இருவது வருஷத்துக்கு மேல ஒழுகுறது மழையால புள்ள. காசால இல்ல."

"அப்ப ரப்பர் போட்ட எடத்துல ஏன்ப்பா ஒழுகல?"

"அந்தப் பக்கம் மழ கொறவு."

அம்மா சிரித்துவிட்டார். "ஒரே காம்பராவுக்குள்ள ரெண்டு மழையாங்க?"

அப்பா எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஸ்பேனரும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் இருந்தன.

"ஒன்னு கழட்டு. ஒன்னே ஒன்னு. ஓட்டைய மூடி ரப்பர் போடு. அடுத்த மழைக்கு அந்த எடம் காஞ்சு இருந்தா மத்தது ஒனக்கு. ஒழுகுனா, இந்தப் பேச்ச விட்றணும்."

நான் என் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் பரிசோதனையைவிட அது ஒழுங்கான பரிசோதனை. கட்டிலுக்கு மேலே இருந்த காசைத் தெரிந்தெடுத்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற விட்டு, இருவரும் மாறி மாறி முறுக்கியதில் துருப்பிடித்த நட் ஒருவழியாக அசைந்தது. காசைத் திருப்பினேன். புள்ளி இல்லை, எல் இல்லை. கல்கத்தா. என்னிடம் ஏற்கெனவே இருப்பதுதான். ஆனால் எழுத்துப் பக்கம் அப்படியே கூர்மையாக இருந்தது. மழையும் காலும் படாததால் கிரீடத்தின் முத்துகளை எண்ணலாம்போல இருந்தது. அரித்த இடத்தில் துண்டுத் தகரம் வைத்து, தார் பூசி, புது ரப்பர் போட்டு மூடினோம்.

பிறகு மழைக்காகக் காத்திருந்தேன். மழை வேண்டும் என்று எங்கள் லயத்தில் யாரும் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. நான் வேண்டிக்கொண்டேன். அந்த வாரம் பாடசாலையில் ஜன்னல் வழியே நான் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் பிள்ளைகளே "டீச்சர், குடை கொண்டு வரலியா?" என்று கேட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் தகரத்தில் கல் எறிந்த மாதிரி நாலு துளி. பிறகு பேச்சுக் கேட்காத மழை. மூன்று பேரும் காம்பராவின் நடுவில் தலையை அண்ணாந்துகொண்டு நின்றோம். அடுப்புக்குப் பக்கத்தில் முதல் சொட்டு விழுந்தது. அலுமாரிக்கு முன்னால் இரண்டாவது. ஒவ்வொன்றாக ஏழு இடத்திலும் ஆரம்பித்தது. கட்டில் பக்கம் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. அம்மா நீலப் பேசினுக்குள் கையை விட்டுத் தடவி, விரலை அப்பாவிடம் நீட்டினார்.

"காஞ்சு கெடக்கு."

"புதுசா தார் பூசுனா எதுவுந்தான் ஒழுகாது" என்றார் அப்பா.

"மத்ததுக்கும் போன மாசம் நீங்கதான தார் பூசுனீங்க?" என்றார் அம்மா.

அப்பா பெயின்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மழை விட்டதும் கேட்டார். "நாளைக்கு எத்தன ரப்பர் வேணும்?"

"பத்து."

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே ஏறினார். தான் போட்டதைத் தான்தான் கழற்றுவாராம். நான் ஏணியின் பாதியில் நின்றேன். அம்மா கீழே. பக்கத்துக் காம்பரா அக்கா இந்த முறை கீரை இல்லாமலே வந்து நின்றார். அப்பா நட்டைக் கழற்றிக் காசை எடுத்து, வேட்டியில் ஒரு துடைப்புத் துடைத்து என் கையில் வைப்பார். நான் போனில் பெரிதாக்கி வாசிப்பேன்.

"பம்பாய்."

"கல்கத்தா."

"மறுபடி கல்கத்தா."

"ஒங்கப்பா கல்கத்தாவுலதான் பொண்ணெடுத்தாரோ?" என்றார் அக்கா. அம்மா அவரைச் செல்லமாக இடித்தார்.

ஐந்து போனது, ஆறு போனது. பம்பாய், பம்பாய். ஏழாவது காசை அப்பா கொடுத்தபோது அதன் எழுத்துப் பக்கத்திலும் தார் கசிந்து பிசுபிசுத்தது. வருடம் தெரியவில்லை. ஆனால் அதை ஒட்டி ஒரு நேர்க்கோடும் அதன் காலில் ஒரு குறுக்குக் கோடும் இருந்தன. எல்.

போனை இன்னும் நெருக்கிப் பிடித்தேன். அது எல்தான்.

"என்ன புள்ள, முழிக்கிற?" என்றார் அப்பா.

"லாகூர்ப்பா. வருஷம் தெரியல. தார் மூடியிருக்கு."

"இந்தா, புளி கொண்டாறேன். தேச்சா பளிச்சுன்னு வந்துரும்" என்று அம்மா உள்ளே கிளம்பினார்.

"வேணாம்மா. தேய்க்கக் கூடாது. தேய்ச்சா அதோட நிறம் போயிரும்."

"அழுக்கோட வச்சுக்கவா இவ்வளவு பாடு?"

மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தார் மெல்ல இளகியது. முதலில் ஒரு ஒன்பது வந்தது. பிறகு ஒரு நான்கு. கடைசி இலக்கத்தின் மேல் தார் கட்டியாக நின்றது. அம்மா ஏணியில் இரண்டு படி ஏறி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்; இலக்கம் அவருக்கும் தெரியுமே. பஞ்சை மாற்றி இன்னொரு முறை ஒற்றினேன்.

"நாலு" என்றார் அம்மா, எனக்கு முன்னால்.

அட்டவணையை எடுத்துவரச் சொல்லி, ஏணியில் நின்றபடியே காசைக் குழியில் வைத்தேன். அது உட்காரவில்லை. தகரத்தின் வளைவின்மேல் அப்பா முறுக்கிய முறுக்கில் காசு இலைபோல வளைந்திருந்தது. விரல் பட்டால் தொட்டில்போல ஆடியது. காசு சேர்ப்பவர்கள் இதைப் பழுது என்பார்கள். போனில் பழகியவர்களில் ஒருவர், தட்டையானது கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பின்னர் எழுதினார். நான் அவருக்கு நன்றி என்று மட்டும் பதில் போட்டேன்.

"சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுனா நேராயிரும், குடு" என்றார் அப்பா.

"தட்ட வேணாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

அவர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூரை உச்சியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்னும் மூன்று காசு கழற்ற இருந்தது. அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா வாசி. சத்தமா வாசி, மேல் லயத்துக்கும் கேக்கட்டும்."

நான் வாசித்தேன். இந்தியா, ஒரு பைசா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, லாகூர்.